யோ மொனோ நரா: பயத்தைச் சொல்லும் நிபந்தனை

ஜப்பானிய மொழியில் கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்கள் அடிக்கடி எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. ‘ஃபுதொன் நி ஒரொசோ மொனோ நரா, சுகு நாகிதாசு.’ தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது. மெத்தையில் கிடத்தினோமோ போச்சு, உடனே வீறிட்டு அழுகிறது. முதுகு மெத்தையில் பட்டதும் விழித்துக்கொள்ளும் இந்தக் குழந்தைக் குணத்துக்கு அங்கே ‘செனாகா சுய்ச்சி’, அதாவது முதுகு சுவிட்ச், என்று செல்லப் பெயரே இருக்கிறது.

அந்த வாக்கியத்தின் நடுவில் இருக்கும் ‘ஓ மொனோ நரா’தான் இந்தக் கட்டுரையின் விஷயம். பாடப்புத்தகங்களில் இதை ‘யோ மொனோ நரா’ என்று தலைப்பிட்டிருப்பார்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் மிக மேலே இருக்கும் என்1 நிலையில் வரும் நிபந்தனை வடிவம். பெரும்பாலான பட்டியல்களில் இதற்கு ஒரே வரியில் ‘அப்படிச் செய்ய நேர்ந்தால்’ என்று பொருள் போட்டு, இரண்டு எடுத்துக்காட்டு கொடுத்துவிட்டு அடுத்த வடிவத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வாக்கியம் எழுத முடியாது. பேசுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஜப்பானிய மொழியில் நம் ‘ஆல்’ விகுதிக்கு என்ன என்று ஆரம்ப நிலையில் படிக்கிறவரைக் கேட்டால் நான்கு பதில் வரும்: தோ, பா, தரா, நரா. வசந்தம் வந்தால் சகுரா பூக்கும் என்று தானாக நடப்பதைச் சொல்ல ‘தோ’. அதன் பின்னால் கட்டளையோ வேண்டுகோளோ வராது. ‘ஜன்னலைத் திறந்தால் காற்று வரும்’ என்று சொல்லலாம், ‘ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் பெருக்குங்கள்’ என்று சொல்லக் கூடாது. ‘பா’வைப் பற்றிப் பிறகு விரிவாகவே எழுதுகிறேன், அதற்குப் பெரிய கதை இருக்கிறது. ‘தரா’ எங்கும் செல்லும். ஒசாகா பக்கத்துப் பேச்சில் மற்ற மூன்றின் வேலையில் பெரும்பகுதியை ‘தரா’வே பார்த்துக்கொள்கிறது.

‘தரா’வுக்கும் ‘நரா’வுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க எந்த ஆசிரியரும் தேவையில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று ஜப்பானில் நெடுங்காலமாக வழங்கும் வாசகமே போதும்: ‘நொந்தாரா நொரு நா, நொமு நரா நொரு நா.’ குடித்தால் ஓட்டாதே. குடிப்பதாக இருந்தால் ஓட்டாதே. முதலாவது, குடித்து முடித்தபின் வண்டியைத் தொடாதே என்கிறது. இரண்டாவது, இன்று குடிக்கப் போகிறாய் என்றால் வீட்டிலிருந்து வண்டியையே எடுக்காதே என்கிறது. ‘தரா’வில் நிபந்தனை முதலில் நடந்து முடிய வேண்டும். ‘நரா’வில் நிபந்தனை இன்னும் நடக்கவில்லை, அதற்கு முன்பே செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். தமிழில் ‘ஜப்பான் போனால் கேமரா வாங்கு’ என்பதும் ‘ஜப்பான் போவதாக இருந்தால் கேமரா வாங்கு’ என்பதும் வேறு வேறு கடையில் போய் நிற்கும், இல்லையா? அதே வித்தியாசம்தான்.

இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் ஜப்பானிய மொழியை ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் படிக்கிறோம். நிபந்தனை வாக்கியங்களைப் பொறுத்தவரை அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. ‘மழை பெய்தால்’ என்பதில் ‘பெய்த்’ என்ற இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்கிறது, நாளைக்குப் பெய்யப் போகும் மழைக்கும் அதே வடிவம்தான். ஜப்பானியத்தில் ‘ஃபுத்தா’ என்றால் பெய்தது. அதோடு ‘ரா’ சேர்ந்தால் ‘ஃபுத்தாரா’, பெய்தால். ‘பெய்தாலும்’ என்பதற்கு ‘ஃபுத்தெ மோ’. நானும் என்பதில் உள்ள ‘உம்’தான் பெய்தாலும் என்பதிலும் இருக்கிறது, ‘வதாஷி மோ’வில் உள்ள ‘மோ’தான் ‘ஃபுத்தெ மோ’விலும் இருக்கிறது. ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். ஒப்பீட்டு மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமலும் போகட்டும். இரண்டு மொழிகள் வாக்கியத்தை ஒரே பாங்கில் கட்டினால் படிக்கிறவருக்கு அது கையில் கிடைத்த பணம். அதைச் செலவழிக்காமல் ஆங்கிலத்தில் கடன் வாங்குவானேன்?

சரி, யோ மொனோ நராவுக்கு வருவோம்.

இதன் அமைப்பு முதல் பார்வையில் குழப்பும். தலைப்பகுதியில் வருவது வினையின் விருப்ப வடிவம். ‘தபெரு’, சாப்பிடு; ‘தபெயோ’, சாப்பிடலாம் வா. ‘இகு’, போ, ‘இகோ’, போகலாம். நண்பர்களைக் கூப்பிட முதல் மாதமே கற்றுக்கொள்ளும் இனிமையான வடிவம் இது. அதே வடிவத்தோடு ‘மொனோ’ என்ற பொருளையும் விஷயத்தையும் குறிக்கும் சொல்லும், ‘என்றால்’ என்ற ‘நரா’வும் சேர்ந்தவுடன், வாக்கியத்தில் எங்கிருந்தோ இருட்டு வந்துவிடுகிறது. ‘ஒகுரெரு’, தாமதமாகு. ‘ஒகுரெயோ மொனோ நரா’, தாமதமாகித் தொலைத்தால்... ‘தாமதமாகலாம் வா’ என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லையே, இங்கே ஏன் விருப்ப வடிவம்?

இதற்கு விடை பழைய ஜப்பானியத்தில் இருக்கிறது. அங்கே ‘மு’ என்று ஒரு விகுதி இருந்தது. ‘யுகாமு’ என்றால் ‘போவேன்’ என்ற உறுதியும் உண்டு, ‘போவான் போலும்’ என்ற ஊகமும் உண்டு, ‘போவதாக வைத்துக்கொண்டால்’ என்ற கற்பனையும் உண்டு. இன்னும் நடக்காத, மனசுக்குள் மட்டும் நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ‘மு’தான். நூற்றாண்டுகளில் அந்த ‘மு’ தேய்ந்து ‘உ’ ஆகி, முன்னாலிருந்த உயிரோடு கலந்து இன்றைய நீண்ட ‘ஓ’வும் ‘யோ’வும் ஆனது. ஊகத்தைச் சொல்லும் வேலையைப் பேச்சில் பெரும்பாலும் ‘தரோ’ எடுத்துக்கொண்டது. விருப்பம் மட்டும் ‘யோ’விடம் தங்கியது. கற்பனை செய்து பார்க்கும் பழைய வேலையோ சில இறுகிப்போன தொடர்களில் மட்டும் மிச்சமிருக்கிறது. அவற்றில் ஒன்றுதான் யோ மொனோ நரா. அதனால் ‘ஒகுரெயோ மொனோ’ என்பதை ‘தாமதமாவது என்ற, நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம்’ என்று எடுத்துக்கொள்ளலாம். இது புரிந்தபின் அந்த விருப்ப வடிவம் எனக்கு உறுத்தவே இல்லை.

ஆனால் வரலாறு தெரிந்தால் மட்டும் ஒரு வடிவம் வாயில் வந்துவிடாது. அதை எனக்கு உயிரோடு காட்டியவர் என்னோடு வேலை பார்த்த, ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு கடைசல் தொழிலாளி. சிறு பட்டறைகளுக்குப் பெயர் போன ஹிகாஷி ஒசாகாவில், பதின்ம வயதிலேயே ஒரு ‘ஒயாகதா’விடம், அதாவது பட்டறை மேஸ்திரியிடம், தொழில் பழகச் சேர்ந்தவர். தேநீர் இடைவேளையில் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘இப்புன் தெமோ ஒகுரெயோ மொன் நரா...’ என்று ஆரம்பித்து, தேநீரை ஒரு வாய் குடித்தார். ஒரு நிமிஷம் தாமதமானாலும் தொலைஞ்சோம். அந்த இடைவெளியில் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். என்ன நடக்கும் என்று அவர் இன்னும் சொல்லவே இல்லை! பிறகுதான் சொன்னார்: வெளியே நிறுத்திவிடுவார், குளிர்காலமாக இருந்தாலும்.

அவர் ‘மொனோ’ என்று முழுசாகச் சொல்லாமல் ‘மொன்’ என்றதையும், ‘தெமோ’ என்ற சின்னச் சொல்லையும், அந்த இடைவெளியையும் வீட்டுக்கு வந்தபின் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். யோ மொனோ நராவின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

முதலாவது, செயல் சின்னது, விளைவு பெரியது. ஒரு நிமிஷம், ஒரு வார்த்தை, ஒரு கொட்டாவி. அதனால்தான் இந்த வடிவத்துக்கு முன்னால் ‘சுகொஷி தெமோ’ (கொஞ்சமாவது), ‘ஹிதொகொதோ தெமோ’ (ஒரு வார்த்தையாவது), ‘உக்காரி’ (கவனக்குறைவாக) போன்றவை வந்து விழுகின்றன. ஒரு ஊரையே கொளுத்தியவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என்பதற்கு இந்த வடிவம் பொருந்தாது. அங்கே தண்டனையும் தப்பும் சமம், சொல்வதற்கு என்ன இருக்கிறது? அளவு மீறிப் போகும்போதுதான் இதற்கு வேலை.

இரண்டாவது, விளைவு பெரும்பாலும் கெட்டதாக இருக்க வேண்டும். ‘படித்தால் தேர்ச்சி பெறுவாய்’ என்பதை இதில் சொல்ல முடியாது. ‘புகழ்ந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வான்’ என்பதைச் சொல்லலாம், அது மிகவும் இயல்பான வாக்கியம். புகழ்வது நல்ல செயல்தான், ஆனால் சொல்கிறவர் அதன் விளைவுக்கு அஞ்சுகிறார். ஆகவே பார்க்க வேண்டியது பேசுகிறவரின் முகத்தை.

மூன்றாவது, பின்பகுதியில் கட்டளை, வேண்டுகோள், அறிவுரை எதுவும் வராது. ‘தாமதமானால் போன் செய்யுங்கள்’ என்பதற்கு ‘ஒகுரெதாரா’ என்றுதான் சொல்ல வேண்டும். காரணம் எளிது: யோ மொனோ நரா பேசுகிறவர் வழி சொல்லிக்கொண்டிருக்கவில்லை, நிலைமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, கடந்தகாலக் கதையில் இது வரலாம், ஆனால் வழக்கமாக நடந்ததற்கு மட்டும். ‘அந்தக் காலத்தில் எதிர்த்துப் பேசினால் அடிதான் விழும்’ என்பதற்குப் பொருந்தும். ‘நேற்று தாமதமாகப் போனேன், திட்டு வாங்கினேன்’ என்ற ஒருநாள் சம்பவத்துக்குப் பொருந்தாது. நடந்துமுடிந்த ஒரு தடவை என்பது பயம் இல்லை, செய்தி.

இனி நான் இந்த வடிவத்தை நெருங்கியது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. தமிழில் பேசும்போது நாம் ‘மட்டும்’ என்ற சொல்லை ஒரு விசேஷமான இடத்தில் போடுகிறோம். ‘அப்பா மட்டும் இதைப் பார்த்தார்னா...’ இங்கே ‘மட்டும்’ என்பது அப்பா ஒருவர்தான் பார்த்தார், அம்மா பார்க்கவில்லை என்று சொல்லவில்லை. வரப் போகிற ‘ஆல்’லுக்கு முன்கூட்டியே கனம் ஏற்றுகிறது. கேட்கிறவருக்கு ‘அடடா’ என்று வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். வாக்கியத்தை முடிக்கவே வேண்டாம். ஆனால் அதே ‘மட்டும்’ ஆசைக்கும் வரும்: ‘இந்த வாரம் மழை மட்டும் பெய்துவிட்டால் பயிர் பிழைத்துக்கொள்ளும்.’ பயமா ஆசையா என்பதைத் தமிழில் குரலும் சூழலும் முடிவுசெய்கின்றன.

ஜப்பானிய மொழி இந்த ‘மட்டும்’மை இரண்டாகப் பிரித்து இரண்டு வடிவத்திடம் கொடுத்திருக்கிறது. ஆசைப் பக்கம் ‘சாயெ ... பா’ என்ற வடிவத்திடம் இருக்கிறது: ‘அமெ சாயெ ஃபுரெபா’, மழை மட்டும் பெய்தால் போதும். பயப் பக்கம் யோ மொனோ நராவிடம். இதைக் கண்டபிறகு இரண்டு வடிவங்களும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டன. ஒரு ஜப்பானிய வாக்கியத்தைப் படிக்கும்போது ‘மட்டும்’ போட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். பின்னால் ‘போதும்’ வந்தால் சாயெ பா. ‘போச்சு’ வந்தால் யோ மொனோ நரா. எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். குழந்தையை மெத்தையில் கிடத்தும் வாக்கியத்துக்கு ‘மட்டும்’ அவ்வளவு அழகாக உட்காரவில்லை, அங்கே ‘கிடத்தினோமோ போச்சு’ என்ற ஓகாரம்தான் வருகிறது. ஆனால் ‘போச்சு’ மாறவில்லை.

ஒரு வித்தியாசமும் உண்டு. தமிழில் பயம் பெரும்பாலும் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. போச்சு, தொலைஞ்சேன், செத்தேன், அவ்வளவுதான். இன்னும் நடக்காததை நடந்துமுடிந்ததுபோல் இறந்தகாலத்தில் சொல்லி அச்சுறுத்துவது நம் வழக்கம். ஜப்பானியத்தில் வால் சாதாரணமாக இருக்கும்: அழும், திட்டுவார், வெளியே நிறுத்துவார். பயம் முழுவதும் முன்பகுதியிலேயே இறக்கிவைக்கப்பட்டுவிடும். அந்தப் பெரியவர் தேநீர் குடித்த இடைவெளியில் எல்லோரும் சிரித்தது அதனால்தான். ‘மொன் நரா’ காதில் விழுந்தவுடனே விளைவு மோசம் என்று தெரிந்துவிட்டது. என்ன மோசம் என்பது மட்டும் பாக்கி. பல சமயம் அந்தப் பாக்கியையும் விட்டுவிடுவார்கள். ‘சொன்னா கொதோ ஓ இஓ மொனோ நரா...’ என்று இழுத்து நிறுத்திவிட்டு, கையை மட்டும் விரிப்பார்கள். அப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம்... புரிகிறதல்லவா? கேட்டல் தேர்வில் இது பெரிய உதவி. வினை கடைசியில் வரும் மொழியில், பாதி வாக்கியத்திலேயே மீதி எந்தப் பக்கம் சாயும் என்று தெரிவதைவிட வேறென்ன வேண்டும்?

யார் இதைச் சொல்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினால் சுவாரஸ்யமாக இருக்கும். 2011இல் வெளியான, சுமார் 10 கோடி சொற்கள் கொண்ட தற்கால எழுத்து ஜப்பானியத் தரவுத் தொகுப்பு ஒன்றை அந்நாட்டின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அதில் இருக்கும் மாதிரி வாக்கியங்களை மேய்வது எனக்குப் பிடித்த வேலை. அதிலும் வெளியே நான் படிப்பவற்றிலும் கண்ட வரையில், யோ மொனோ நராவுக்குப் பின்னால் ஏறக்குறைய எப்போதும் அதிகாரம் உள்ள ஒருவர் நிற்கிறார்: மேஸ்திரி, விளையாட்டுக் குழுவின் மூத்த மாணவர், மாமியார், முதலாளி, பிரபு. குழந்தையும் பூனையும் கூட அந்த வரிசையில்தான் வருகின்றன. வீட்டில் அவர்கள்தானே எஜமானர்கள். இப்போது அந்த இடத்துக்குப் புதிதாக வந்திருப்பது சமூக ஊடகக் கூட்டம். ஒரு வார்த்தை தவறினாலும் ‘என்ஜோ’ ஆகிவிடும் என்று எழுதுவார்கள். என்ஜோ என்றால் பற்றி எரிவது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திட்ட வருவதை அப்படித்தான் சொல்கிறார்கள். முகமில்லாத கூட்டத்துக்கு அஞ்சும் வாக்கியமும் முகம் தெரிந்த மேஸ்திரிக்கு அஞ்சும் வாக்கியமும் ஒரே இலக்கணத்தில் இருக்கின்றன.

பயப்படுகிறவர் மட்டும்தான் இதைச் சொல்ல வேண்டும் என்றில்லை, பயமுறுத்துகிறவரும் சொல்லலாம். ‘முசுமெ ஓ நாகாசோ மொனோ நரா, ததா தெ வா ஒகானாய்.’ என் பெண்ணை மட்டும் அழவைத்தாய் என்றால் சும்மா விடமாட்டேன். மாப்பிள்ளையாக வரப் போகிறவனிடம் ஒரு அப்பா சொல்வது.

இதே ‘மொனோ நரா’வுக்கு முன்னால் விருப்ப வடிவத்துக்குப் பதில் இயலும் வடிவம் வந்தால் வாக்கியம் வேறு பக்கம் திரும்பிவிடும். ‘மொதோரெரு மொனோ நரா மொதோரிதாய்’: திரும்பிப் போக முடியுமென்றால் போக ஆசைதான். முடியாது என்று தெரிந்தே சொல்வது. ஒரே வினை இரண்டு தடவை வருவதில் ஒரு புலம்பலின் சந்தம் இருக்கிறது. அதே அமைப்பில் சவாலும் விடலாம்: ‘யாரெரு மொனோ நரா யாத்தெ மிரோ’, முடிஞ்சா செஞ்சு பாரு. ‘மிரோ’ என்றால் பார். ‘செஞ்சு பாரு’ என்பதில் உள்ள அதே துணைவினை, அதே இடத்தில், அதே மிடுக்கோடு வந்து நிற்கும்.

‘தா கா சாய்கோ’வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சாய்கோ என்றால் கடைசி. ‘மாய்க்கு ஓ நிகித்தா கா சாய்கோ’, அவர் மைக்கைப் பிடித்தார் என்றால் அவ்வளவுதான், கரோகேயில் வேறு யாரும் பாட முடியாது. இது யோ மொனோ நராவோடு குழம்பும் என்று சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோ மொனோ நரா கதவுக்கு வெளியே நின்று உள்ளே போகாதே என்கிறது. தா கா சாய்கோ உள்ளே போனபின், இனித் திரும்பி வர வழியில்லை என்கிறது. முன்னதில் கற்பனை வடிவமும் பின்னதில் இறந்தகால வடிவமும் வருவதற்குக் காரணம் இதுவே.

தேர்வைப் பற்றியும் கொஞ்சம். இந்தத் தேர்வு 1984இல் தொடங்கியது. அப்போது நான்கு நிலைகள். 2010இல் ஐந்தாக மாற்றியமைத்தார்கள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். என்1இல் தேற 180க்கு 100 மதிப்பெண் எடுக்க வேண்டும். முன்பு எந்தெந்த இலக்கண வடிவங்கள் கேட்கப்படும் என்று அதிகாரப்பூர்வப் பட்டியல் இருந்தது. 2010க்குப் பிறகு அப்படி எதுவும் வெளியிடுவதில்லை. ஆக, கடையில் கிடைக்கும் ‘என்1 இலக்கணம்’ பட்டியல்கள் எல்லாம் பதிப்பகங்கள் தொகுத்தவை. அவற்றை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். இத்தனை வடிவமும் ஒரு வரிப் பொருளோடு வரிசையில் நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், ஒரு வாரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தேர்வில் நட்சத்திரக் கேள்வி என்று ஒன்று உண்டு. வாக்கியத்தை நான்கு துண்டாக வெட்டிக் கலைத்துவைத்து, சரியாக அடுக்கினால் நட்சத்திரம் போட்ட இடத்தில் எந்தத் துண்டு வரும் என்று கேட்பார்கள். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது காட்டுப் பாதை. மேலதிகாரி, ஒரு வார்த்தையாவது, மனக்குறை, முணுமுணுத்தால் என்று நான்கு துண்டு இருந்தால், ‘மொனோ நரா’வுக்கு முன்னால் நீண்ட ‘ஓ’வில் முடியும் வினை வரும், ‘தெமோ’ உள்ள துண்டு அதற்கு முன்னால் எங்கோ வரும் என்று வடிவத்தின் குணம் தெரிந்தவர் சட்டென்று அடுக்கிவிடுவார். வேகத்துக்காகக்கூட ஒரு வடிவத்தோடு நிதானமாகப் பழகுவதுதான் லாபம்.

‘பா’வைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ‘இசொகாபா மாவாரெ’ என்று ஒரு பழமொழி: அவசரமென்றால் சுற்றிப் போ. ஜப்பானில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இன்றைய இலக்கணப்படி ‘அவசரப்பட்டால்’ என்பதற்கு ‘இசொகெபா’ என்று வர வேண்டும். பழமொழியில் ‘இசொகாபா’ என்று இருப்பது ஏன்? பழைய மொழியில் ‘பா’ இரண்டு வகையாகச் சேர்ந்தது. இன்னும் நடக்காததைக் குறிக்கும் ‘மிசென்கெய்’ என்ற அடியோடு சேர்ந்தால் ‘நடந்தால்’ என்று பொருள். ஏற்கெனவே நடந்ததைக் குறிக்கும் ‘இசென்கெய்’ என்ற அடியோடு சேர்ந்தால் ‘நடந்ததால்’, ‘நடந்தபோது’ என்று பொருள். இசொகாபா முதல் வகை. ‘தொகு ஓ குராவாபா சாரா மாதெ’, நஞ்சைத் தின்பதென்று ஆகிவிட்டால் தட்டையும் சேர்த்துத் தின்றுவிடு, இதுவும் முதல் வகை. ‘சுமெபா மியாகோ’, குடியிருந்துவிட்டால் எந்த ஊரும் தலைநகர்தான், இது இரண்டாம் வகை.

காலப்போக்கில் முதல் வகை வழக்கிழந்து, இரண்டாம் வகையின் வடிவமே ‘நடந்தால்’ என்ற பொருளையும் எடுத்துக்கொண்டது. இன்று பள்ளிகளில் அந்த அடிக்கு ‘கதேய்கெய்’, நிபந்தனை வடிவம், என்றே பெயர். காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வடிவம் ஊகத்தைச் சொல்ல வந்துவிட்டது. எனக்கு மொழி வரலாற்றில் மிகவும் பிடித்த திருப்பங்களில் இது ஒன்று.

அந்தப் பழைய ‘நடந்ததால்’ முழுசாகச் சாகவில்லை. ‘பா கொசோ’ என்ற மேல்நிலை வடிவத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘ஒமொயெபா கொசோ’ என்பதைப் புதிய இலக்கணத்தில் பிரித்தால் ‘நினைத்தால்தான்’ என்று வரும், அது தவறு. ‘நினைப்பதால்தான்’ என்பதே சரி. ‘கொசோ’ நம் ‘தான்’ நிற்கும் இடத்தில் நிற்கிறது. உன் நன்மையை நினைப்பதால்தான் இப்படிக் கண்டிப்பாக இருக்கிறேன். பேச்சில் ‘காரா கொசோ’ என்று சொல்வதே அதிகம். அது நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். பா கொசோ பெரும்பாலும் நல்ல எண்ணத்தை எடுத்துச் சொல்லும் இடத்தில்தான் வரும், கொஞ்சம் பழைய மணத்தோடு. அம்மாக்கள் சொல்வது, ஆசிரியர்கள் சொல்வது, மேஸ்திரிகள் சொல்வது.

அந்தக் கடைசல்காரரிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். உங்கள் ஒயாகதா இருந்திருந்தால், உங்களை வெளியே நிறுத்தியதற்கு என்ன சொல்லியிருப்பார்? ‘ஒமொயெபா கொசோ என்றுதான் சொல்லியிருப்பார்’ என்றார் யோசிக்காமல். ‘நானும் இப்போது பையன்களைத் திட்டிவிட்டு அதையேதான் சொல்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போய் என்னைப் பற்றி மொன் நரா போட்டுத்தான் பேசுவார்கள்.’